நோவு வென்ற நாயகி

வலியை ஒழிப்பதற்காக டாக்டர் தென்னரசு திண்டிவனத்துக்கு வந்தபோது, அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய கல்யாண மண்டபம்தான். மேடை இருந்தது. ஒலிபெருக்கி இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தூண் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு சிகிச்சை மையத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் வாசலில் 'நோவிலா வாழ்வு மையம்' என்ற பெயர்ப்பலகை ஏறியது. உள்ளே கதவுகளில் 'மணமகன் அறை', 'மணமகள் அறை' என்று எழுதியிருந்ததை அழிக்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இயக்குநரான அவர் மணமகன் அறையில் உட்கார்ந்தார். மனநல ஆலோசனை மணமகள் அறையில் நடந்தது. உடற்பயிற்சிக்குப் பந்திக் கூடம்.

சூசை மேரி அங்கே வந்துசேர்ந்ததற்குக் காரணம் ஒரு லோடு ஆட்டோ. ஒலக்கூருக்குப் பக்கத்தில் நாற்று நடப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு போனபோது அது வாய்க்காலில் கவிழ்ந்தது. மற்றவர்கள் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். மேரியால் எழ முடியவில்லை. முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது, தையல் ஆறியது, வலி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இடுப்பில் கிளம்பி இடது காலின் சுண்டுவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பிபோல இறங்கும். விழுப்புரத்தில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் நன்றாகக் கேட்டது. போகப் போக அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே தூங்கி விழுந்தாள்.

"இது அபின் வகையைச் சேர்ந்த மருந்தும்மா" என்றார் விழுப்புரம் டாக்டர். "வருசக்கணக்கா சாப்பிட்டா ஒடம்பு பழகிடும். கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிக்கினே வரணும். ஒரேடியா நிறுத்திடாதீங்க. அதுக்குள்ள வேற வழி பாக்கணும். திண்டிவனத்துல புதுசா ஒரு சென்டர் வந்திருக்குதாம். அங்க போய்ப் பாருங்க."

நல்ல டாக்டர். அது சிகிச்சை மையம் என்று நம்பியது ஒன்றுதான் அவர் செய்த தவறு.

முதல் நாள் கணவன் சவுரிராயன் கூட வந்தான். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவன். பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து, "போர்டே எம்மாம் பெருசா வச்சிருக்காங்க பாரு மேரி. இங்க செரியாயிடும்" என்றான்.

மையத்தில் காலை உறுதிமொழியோடுதான் தொடங்கும். முதுகு வலிக்காரர்களும் மூட்டு வலிக்காரர்களும் வரிசையில் நின்று, வலது கையை நீட்டிக்கொண்டு, தமக்கு வலி இல்லை என்று உளமார உறுதி கூறுவார்கள். உறுதிமொழி கொஞ்சம் நீளம் என்பதால் நடுவில் இரண்டொருவர் உட்கார்ந்துவிடுவதுண்டு. அப்படி உட்கார்ந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

'வலி' என்ற சொல்லுக்கும் அங்கே இடமில்லை. சொல்லச் சொல்லத்தான் அது வளர்கிறது என்பது டாக்டர் தென்னரசுவின் ஆராய்ச்சி முடிவு. அதற்குப் பதிலாக 'உணர்வு' என்று சொல்ல வேண்டும். மறந்துபோய்ச் சொல்லிவிட்டவர் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

"உங்களுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று அவர் மண்ணாங்கட்டியிடம் கேட்டார். மண்ணாங்கட்டி சர்க்கரை நோயால் பாதமெல்லாம் எரிகிற பெரியவர்.

"ரெண்டு காலுலயும் நல்ல உணர்வு சார். ராவெல்லாம் உணர்வு தாங்காம அழுவுறேன்" என்றார் அவர்.

மறுநாள் அவர் 'ஒத்துழைக்காதவர்' ஆனார். அதற்கு மறுநாளிலிருந்து வரவில்லை.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடிகிற வரிசை. அவரவர் வலி எந்த முகம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். மேரி போனபோது படத்தின் வலது பாதியைக் காணவில்லை. வெட்டி எடுத்திருந்தார்கள்.

"அழுவுற மூஞ்சி எங்கம்மா?" என்று ஆபீஸ் பெண்ணிடம் கேட்டாள்.

"அத யாரும் தொடக் கூடாதுன்னு சார் எடுத்துட்டாரு. இருக்கிறதுல ஒண்ணு தொடுங்க."

இருந்ததில் கடைசி முகம் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மேரி அதைத் தொட்டாள்.

அந்த வாரமே மாத்திரை துறப்பு விழா வைத்தார்கள். மண்டபத்தோடு வந்த சாம்பார் அண்டாவை விளக்கி மேடையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஏறிப்போய்த் தங்கள் மாத்திரையை அதில் போட வேண்டும். மேரி முறை வந்தபோது தயங்கி நின்றாள்.

"கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கச் சொன்னாருங்க விழுப்புரம் டாக்டரு. ஒரேடியா நிறுத்தக் கூடாதுன்னாருங்க."

டாக்டர் தென்னரசு புன்னகையோடு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "படிப்படியாகக் குறைப்பது மருத்துவம். ஒரே நாளில் விடுவது இயக்கம். நாம் இயக்கம்!" என்றார். கைதட்டல் ஓயும்வரை பொறுத்து, மேரியின் கையைப் பிடித்து அண்டாவுக்குமேல் நீட்டிக் காமிராவைப் பார்க்கச் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களை மேரி பிற்பாடு நினைத்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை. வேர்த்துக் கொட்டியது. அந்த வேர்வையிலேயே குளிர் நடுக்கியது. வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. கால்கள் தானாக உதறிக்கொண்டன. வலி, அவிழ்ந்த நாய் இத்தனை நாள் கட்டிப்போட்டவர்கள்மேல் பாய்வதுபோலப் பாய்ந்தது. சவுரிராயன் வேலைக்குப் போகாமல் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினான். பயந்துபோய் மையத்துக்குப் போன் செய்தான்.

"அதெல்லாம் கெட்டது வெளிய போகுதுன்னு அர்த்தம்" என்றார்கள். "வாழ்த்துகள்."

எப்படியோ பிழைத்து எழுந்து, வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடி மையத்துக்குப் போனபோதுதான் ஜெர்லினைப் பார்த்தாள். பந்திக் கூடத்தின் கோடியில் பாய் விரித்து வைத்திருந்த பிசியோதெரபி பெண். சின்ன வயசு. அவள் எந்த முகத்தையும் தொடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எதெல்லாம் செய்ய முடியலக்கா?" என்று கேட்டாள்.

அதை மேரியிடம் யாரும் கேட்டதில்லை.

"உக்காந்து சோறு துன்ன முடியல. சுவுத்துல சாஞ்சி நின்னுக்கினே துன்றேன். பூசையில முட்டி போட முடியல."

"ரொம்ப நோவுதாக்கா?"

மேரி சுற்றிலும் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது.

"முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அது பொய்யி" என்றாள் ஜெர்லின். "ஆனா இப்ப இருக்கிறதுக்குக் கொறையும். மெதுவாத்தான். அவசரப்பட்டா பேஜாரு."

படுத்துக்கொண்டு ஒரு முழங்காலை மார்புக்கு இழுப்பது, வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையில் அழுத்துவது, குனியாமல் முழங்காலை மடித்து உட்கார்ந்து பொருளை எடுப்பது, வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வது, வலி ஏறுவதற்கு முன்னாலேயே எழுந்து நடப்பது. இவ்வளவுதான் அவள் சொல்லிக்கொடுத்தது. சவுரிராயனையும் வரவழைத்து, மணலை வறுத்துத் துணியில் முடிந்து எந்தச் சூட்டில் எங்கே ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று காட்டினாள். அவன் அதை ரொம்ப சிரத்தையாகக் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலமானால் மூட்டை தூக்கிய கையோடு வந்து மணல் வறுப்பான். மேரி குப்புறப் படுத்திருக்க, ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மார்க்கெட்டில் நடந்ததைச் சொல்வான். எந்த வியாபாரி எந்த விவசாயியிடம் என்ன பேச்சு வாங்கினான், எடை போடும் இடத்தில் யாரோடு யாருக்குச் சண்டை. விபத்துக்குப் பிறகு அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. வலி போய்விடவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, அவனோடு மீன் குழம்பு சாப்பிட்டாள். அவன் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இது டாக்டர் தென்னரசுவின் கண்ணில் பட்டது. பந்திக் கூடத்துக்கு வந்து நின்று பார்த்தார்.

"ஏன் எல்லாரும் படுத்திருக்காங்க?"

"படுத்துத்தான் சார் இத செய்யணும்" என்றாள் ஜெர்லின்.

"போட்டோல பார்த்தா நோயாளிங்க மாதிரி தெரியுது. நம்ம மையத்துல நோயாளியே கிடையாது. எழுந்து நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க."

அவள் விளக்கத் தொடங்கினாள். அவர் அவள் சொன்னதைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டார். கணீரென்று இருந்தது. விழுப்புரத்தில் நடக்கப்போகிற 'வலிக்கு விடை' மாநாட்டுக்குத் தொகுப்பாளர் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்த நேரம். அன்றே பாய்கள் சுருட்டப்பட்டன. ஜெர்லின் மணமகள் அறையில் உட்கார்ந்து வரவேற்புரை மனப்பாடம் செய்தாள்.

ஒரு வாரம் கழித்து மேரியை மணமகன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"மாநாட்டுல உங்களுக்கு 'நோவு வென்ற நாயகி' பட்டம் குடுக்கிறோம்மா. மேடையில ஒரு மல்லாட்டை மூட்டையத் தூக்கித் தலையில வைக்கணும். அவ்வளவுதான்."

"ஐயோ சார், என்னால முடியாதுங்க."

"பயப்படாதீங்க. உள்ள வெறும் மல்லாட்டைத் தோல்தான். தலகாணி மாதிரி இருக்கும். நாங்க என்ன கொடுமைக்காரங்களா?"

மேரி யோசித்தாள். "ஜெர்லின் பொண்ண திரும்ப அனுப்புவீங்களா சார்? அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்துதான் எனுக்குக் கொஞ்சம் தேவலாமா இருந்துச்சு."

"மாநாடு முடியட்டும். அடுத்த நாளே அனுப்புறோம்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மேரி ஒத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் காலையிலேயே மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் மதியம்தான் வந்தார். இடையில் எழுந்து நாலு அடி நடக்கலாமா என்று மேரி கேட்டாள். நாயகியின் நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்றார்கள். இடது கால் முதலில் மரத்தது. பிறகு எரிந்தது. அவள் சேலை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு மாநிலக் குழுவின் துணைத் தலைவர். பருமனான, அன்பான மனிதர். "வலி என்பது நவீன வாழ்க்கையின் நோய்" என்று தொடங்கினார். "என் பாட்டனார் தொண்ணூறு வயது வாழ்ந்தார். ஒரு நாளாவது முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் என்ன? அவர் எதையும் தூக்கியதில்லை. தூக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த எளிமையான வாழ்க்கைக்கு நாம் திரும்ப வேண்டும்!"

அரங்கம் அதிர்ந்தது. பலர் அந்த எளிமையை நினைத்துக் கண்கலங்கினார்கள்.

"அடுத்ததாக..." என்று ஜெர்லினின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. டாக்டர் தென்னரசு திரும்பிப் பார்த்ததும் தொடர்ந்தது. "மூட்டை தூக்கப் போகிறார், நோவு வென்ற நாயகி."

மேரி, ஜெர்லின் சொல்லிக்கொடுத்தபடியே முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடித்துக் குந்தி மூட்டையைப் பிடித்தாள். கனம் இல்லைதான். ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்த முதுகு. பல்லைக் கடித்துத் தலைக்கு ஏற்றினாள். கடித்த பல் கீழே இருந்தவர்களுக்குச் சிரிப்பாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் தன் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்ததால் படம் சரியாக வரவில்லை. இன்னொரு முறை தூக்கச் சொன்னார்கள். அந்த முறை படம் மிக நன்றாக வந்தது. அவள் முதுகுக்குள் ஏதோ ஒன்று நழுவியது படத்தில் தெரியவில்லை.

இரண்டே நாளில் வீடியோ எல்லாப் போனுக்கும் போய்விட்டது. ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்த மகள் ஆஷ்லின் ஷிப்ட் முடிந்து கூப்பிட்டாள். "அம்மா, மூட்டைய தூக்கிட்டியேம்மா! ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டினேன். இனிமே எனுக்குக் கவலையே இல்லம்மா" என்று அழுதாள். மேரி, "ஆமாண்டி, சாப்பிட்டியா" என்றாள். நூறு நாள் திட்டத்து ஏரி வேலையில் அதுவரை தண்ணீர் கொடுக்கிற வேலையை மேரிக்கு ஒதுக்கியிருந்தார்கள். இப்போது மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

சவுரிராயன் வீடியோவை மார்க்கெட்டில் பார்த்தான். வேலையை விட்டு ஜல்தியாக ஓடிவந்து, மாதா படத்துக்கு முன்னால் விழுந்து குலுங்கினான்.

"ஆஷ்லினப்பா, அது வந்து..." என்று மேரி தொடங்கினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் மேரி. நானே கண்ணால பாத்துட்டேன். மூட்டை தூக்குறவன் நானு. எனுக்குத் தெரியாதா?"

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். விபத்துக்கு முன்னால் அவனுக்கு அந்த முகம்தான் இருந்தது என்பது மேரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் மணல் வறுக்கவில்லை. குணமான முதுகுக்கு எதற்கு ஒத்தடம்?

மறுநாள் மேரி மையத்துக்குப் போனாள். ஜெர்லின் இல்லை. அடுத்த மாவட்டத்தில் மாநாடு நடப்பதால் அங்கே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் தென்னரசு பொறுமையாக விளக்கினார்.

"இப்ப உங்களுக்கு சிகிச்சை குடுத்தா, நீங்க குணமாகலைன்னு அர்த்தம். நீங்க குணமாகலைன்னா திட்டம் தோல்வின்னு அர்த்தம். திட்டம் தோல்வி அடையலை. ஆகவே உங்களுக்கு ஒண்ணும் இல்லை. போய்ட்டு வாங்கம்மா."

விழுப்புரம் டாக்டரிடமே போகலாம் என்று போனாள். அவர் மேல்படிப்புக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்த இளைஞர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்து அவளுக்கே அவள் வீடியோவைக் காட்டினார். வலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறாராம். ஒரு செல்பியும் எடுத்துக்கொண்டார்.

சவுரிராயன், மேரி குணமானால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருந்தான். கொடியேற்றத்துக்கு மெட்ராசிலிருந்து நடந்துபோகிற கூட்டத்தோடு திண்டிவனத்தில் சேர்ந்துகொண்டான். புறப்படுகிற காலையில் மேரி கதவைப் பிடித்துக்கொண்டு, "போவாத. இன்னும் முழுசா செரியாவல" என்றாள்.

"நீ அப்பிடித்தான் சொல்லுவ. என் காலு நோவும்னு ஒனுக்கு பயம்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

திரும்பி வந்தபோது இரண்டு பாதங்களிலும் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. மேரி வெந்நீர் வைத்தாள். முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து அவன் காலைக் கழுவினாள். உட்காரும்போதே கண் இருண்டது.

"இதெல்லாம் ஒரு நோவா மேரி? நீ பட்டதுக்கு முன்னாடி?" என்றான் அவன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கழுவி முடித்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவனோ, அன்பினால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அவன் கால் ஆறியதும் ஒரு நாள் இருவரும் திண்டிவனம் போனார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் மையம் பெரிய பிளெக்ஸ் வைத்திருந்தது. மூட்டையோடு மேரி. சவுரிராயன் டீ வாங்கப் போனான். அப்போது ஒரு பெண் பிளெக்ஸையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"நீங்கதான அது? சாமி கும்புட்ட மாதிரி இருக்குதுக்கா. என் பேரு அம்மணி. மேல்மலையனூர் பக்கம். கட்டட வேலையில மேலேர்ந்து விழுந்ததுல இடுப்பு போச்சு. நாளைக்கு அண்டாவுல மாத்திரைய போடப் போறேன். நீங்க போட்டீங்களாமே?"

மேரி அவளைப் பார்த்தாள். நின்ற நிலையிலேயே அம்மணி உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"போடாதம்மா" என்றாள் மேரி. "ஒரேடியா போடாத. செத்துப் பொழைப்ப. எழுதிக் குடுத்த டாக்டராண்ட போ. கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சி குடுக்கச் சொல்லு. ஜெர்லின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுமாதிரி கசரத்து சொல்லிக் குடுக்கிறவங்க எங்கனா இருப்பாங்க. தேடு."

அம்மணியின் முகம் சுருங்கியது. "அப்ப உங்களுக்கு? போயிடுச்சுன்னாங்களே?"

"அது வெறும் தோலு மூட்டை."

"இப்பவும் நோவுதாக்கா?"

"நோவுது" என்றாள் மேரி. "தெனம் நோவுது. தூக்கினதுலேர்ந்து இன்னும் அதிகமா நோவுது. வீட்டுல கூட சொல்லல."

சொல்லிவிட்டுத் திரும்பினால் சவுரிராயன் நின்றிருந்தான். இரண்டு கையிலும் டீ. எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியவில்லை. டீ தளும்பி விரலில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு டம்ளரை அம்மணியிடம் கொடுத்தான், ஒன்றை மேரியிடம் கொடுத்தான்.

ஒலக்கூர் பஸ் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், நிற்கவும் இடமில்லாத கூட்டம். சவுரிராயன் முண்டியடித்து ஏறி, முதல் சீட்டில் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"யாருனா எழுந்து எடம் குடுங்க. எங்க வூட்டுக்காரம்மாவுக்கு முதுவு நோவுது."

உட்கார்ந்திருந்தவர் மேரியைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். "அட, இவங்களா! மூட்டைய அசால்ட்டா தூக்கினவங்களாச்சே! இவங்களுக்கு எதுக்குப்பா சீட்டு? நாங்கதான் இவங்களுக்கு பயப்படணும்." பஸ்ஸே சிரித்தது. யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை.

சவுரிராயன் மேரிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூட்டை தூக்குகிறவன் கால் ஊன்றுவதுபோல ஊன்றிக்கொண்டான்.

"சாஞ்சிக்க" என்றான்.

அவள் சாய்ந்துகொண்டாள். பஸ் கிளம்பியது. சவுரிராயன் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். வேகத்தடை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேடு வருது மேரி" என்றான். அடுத்து, "பள்ளம் வருது. கெட்டியா புடிச்சிக்க" என்றான். ஒலக்கூர் வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டே வந்தான்.